பௌர்ணமியன்று நான் மீட்ட ஆள்

புது வக்கீலுக்குச் சட்டம் தெரிகிற அளவுக்கு ஆள் தெரியாது. எனக்கு அப்போது சட்டமும் அரைகுறைதான் (கோட்டு மட்டும் முழுசு).

திருவண்ணாமலையில் மனித உரிமை வழக்குகள் நடத்தும் சீனியரிடம் நான் சேர்ந்த புதிது. அவர் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிருந்த ஒரு பௌர்ணமி நாளில் போன் வந்தது. பேசியவர் செல்வி. கிரிவலப் பாதையில் சுண்டல் விற்கும் ஏழுமலையின் மனைவி. போலீஸ்காரர் தள்ளுவண்டியை எடுக்கச் சொன்னபோது ஏன் என்று கேட்டதற்காக ஏழுமலையை முந்தின நாள் காலையிலேயே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். வழக்கும் இல்லை, விடவும் இல்லை.

"ஆள் எப்படி இருப்பாரும்மா?"

"காவி வேட்டி, நெத்தி நிறைய விபூதி, பெரிய மீசை மேடம்."

பௌர்ணமியன்று எங்கள் ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கூட்டத்துக்காக ஆட்டோக்களை நிறுத்தியிருந்தார்கள். கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வெயிலில் நடந்து, வேர்த்து வழிய ஸ்டேஷனுக்குள் நுழைந்தேன். பெஞ்சில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காவி வேட்டி. விபூதி. மீசை.

"அண்ணே, பயப்படாதீங்க, நான் வந்துட்டேன். அடிச்சாங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கால்தாம்மா ஜாஸ்தி வலிக்குது."

எனக்கு ரத்தம் கொதித்தது. மேசையருகே இருந்த ஏட்டு பக்கம் திரும்பினேன். "காரணம் சொல்லாம எப்படிங்க உக்கார வெப்பீங்க? இருபத்து நாலு மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணுமா வேணாமா? அரசியல் சாசனம் இருபத்திரண்டாவது பிரிவு படிச்சிருக்கீங்களா?"

"மேடம், அவரு வந்து..."

"குறுக்க பேசாதீங்க!"

நான் அண்ணனின் கையைப் பிடித்து எழுப்பி வாசலுக்கு நடத்தினேன். அவரும் நொண்டிக்கொண்டே வந்தார். வாசலில் நின்ற காவலர் விறைப்பாக சல்யூட் அடித்தார். (கறுப்புக் கோட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.) தலையசைத்து ஏற்றுக்கொண்டேன்.

எதிர் டீக்கடையிலிருந்து செல்வியும் சில வியாபாரிகளும் ஓடி வந்தார்கள். கிட்டே வந்ததும் செல்வி அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம், எங்க வூட்டுக்காரரு எங்க? இவரு இன்ஸ்பெக்டராச்சே!"

சங்கிலித் திருடர்களைப் பிடிக்க மஃப்டியில், வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

"ஏன் சார் சொல்லல?"

"எங்கம்மா பேச வுட்டீங்க? சரி, எங்கயாவது கொண்டுபோய்ப் படுக்க வெப்பீங்கன்னு நெனச்சேன்."

ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் ஏழுமலை இன்னும் உள்ளே இருந்தார். செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் பின்னாலேயே திரும்பப் போய், அவர் நாற்காலிக்கு முன்னால் நின்று அதே பிரிவைக் காற்றுப் போன குரலில் சொன்னேன்.

"எனக்காகப் பேசினப்ப நல்லா இருந்துச்சேம்மா" என்று சிரித்தார். ஏட்டும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் குரல் திரும்பியது. "ஆள்தான் சார் மாறிப்போச்சு. சட்டம் மாறல. எங்க சீனியர் ஹைகோர்ட்டுலதான் இருக்காரு. ஒரு போன் போட்டா ஆட்கொணர்வு மனு போட்டுடுவாரு." (அவர் அப்போது கேன்டீனில் இருந்தாரோ என்னவோ.)

இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏட்டைப் பின்னறைக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பின்னறையிலிருந்து ஏழுமலை வந்தார். செல்வியின் கண்ணுக்கு மட்டுமே பெரிதாகத் தெரிகிற மீசை. கன்னம் வீங்கியிருந்தது. நேரே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காயத்தைப் பதிவு செய்தோம். சீனியர் திரும்பியதும் முதல் வேலையாக அதற்குப் புகார் போட்டார்.

கிரிவலப் பாதையில் உலவும் கதையே வேறு. வக்கீலம்மா நேராக உள்ளே போய், இன்ஸ்பெக்டரையே கையைப் பிடித்து இழுத்துவந்து ரோட்டில் நிறுத்தி, "எங்க ஆளைக் குடுத்துட்டு உங்க ஆளைக் கூட்டிட்டுப் போங்க" என்றாராம். அதை நம்பி அடி அண்ணாமலையிலிருந்தும் கீழ்பென்னாத்தூரிலிருந்தும் இன்றைக்கும் கட்சிக்காரர்கள் வருகிறார்கள். நானும் மறுப்பதில்லை.

வீட்டில்தான் இது செல்லுபடியாகாது. ஊரிலிருந்து வரும் விருந்தாளியை அழைக்க பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினால் போதும், என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்: "போட்டோ கையில இருக்குல்ல?"