ஸக்கரியா வீட்டு ப்ளக்கில் ஒரு பெட்டி

இரத்தோட்டை,
ஒக்டோபர் 2008.

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை ஞானசுந்தரம் அவர்கட்கு,

மாமா மகாலிங்கம் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம், உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மாமிக்கு நெஞ்சு பலவீனம் என்று தெரிந்ததும் நீங்களும் மகள் வதனாவும் கனடாவிலிருந்து ஓடி வருவீர்கள் என்று நினைத்தேன். ஓடி வந்தது ஒரு பார்சல். மாமி கட்டிலில் இருந்தபடி பொத்தானை அழுத்தினால் மேலே மிளகுக் கொட்டிலில் நிற்கும் எனக்கு மணி கேட்குமாம், வயரே வேண்டாமாம், ப்ளக்கில் செருகும் சின்னப் பெட்டிகள் ஒன்றிடம் ஒன்று சொல்லிச் செய்தியைக் கடத்திவிடுமாம், அதற்கு உங்கள் கம்பெனியில் மெஷ் என்று பெயராம். எல்லாம் சரி. எங்கள் வீட்டுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் இருப்பது ஸக்கரியாவின் வீடு என்பதை உங்கள் கம்பெனி யோசித்ததா? வேலியோரப் பலாமரம் யாருக்குச் சொந்தம் என்ற தகராறுக்குப் பிறகு அந்த மனுஷனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. நீங்களோ டெலிபோனில், "ஒரு பெட்டிய அவர் வீட்ல மாட்டிருங்க மாமா" என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். மாமி எனக்குத் தெரியாமல் வேலிக்கு மேலால் அவர் மனைவி ஹிதாயாவிடம் கொடுத்து மாட்டியும் விட்டாள்.

மணி கேட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசியில் பின்னேரம் இடி இடித்தால் இந்த ஊரே ப்ளக்கைக் கழற்றும் என்பது உங்கள் பெட்டிக்குத் தெரியாது. ஸக்கரியா கழற்றுவார், கொட்டிலில் என் பெட்டியின் விளக்கு அணைந்து மணி ஊமையாகும், மாமிக்கு என்னவோ ஏதோ என்று நான் மழையில் சறுக்கிக்கொண்டு இறங்கி ஓடி வருவேன், அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

போன கிழமை எங்கள் வீதியில் தேடுதல். ஸக்கரியா வீட்டில் பச்சை விளக்கு மினுங்கும் பெட்டியைக் கண்ட பொலிஸ் சார்ஜன், யாருடையது என்று விசாரித்து என்னையும் கூப்பிட்டார். விஞ்ஞானம் படிப்பித்த வாய் சும்மா இருக்குமா? இவற்றுக்குத் தலைவர் கிடையாது, ஒன்றை நிறுத்தினால் செய்தி இன்னொன்றின் வழியாகப் போய்விடும், சிலது தூங்கிக்கொண்டே இருந்து வேளை வரும்போது மட்டும் விழிக்கும் என்று நீங்கள் சொல்லித் தந்ததையெல்லாம் நல்ல சிங்களத்தில் விளக்கினேன். சார்ஜனின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், இந்தச் சண்டைக் காலத்தில் நான் ஏதோ தலைமறைவு இயக்கத்தைப் பற்றிச் சொல்வதாக அவர் நினைக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

"மாஸ்டர், அல்லாவுக்காக வாய மூடுங்க!" என்றார் ஸக்கரியா. பலாமரத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். பிறகு சார்ஜனிடம் திரும்பி, "சேர், இவரு சம்சாரத்துக்கு நெஞ்சு வருத்தம். ஏலாம வந்தா கூப்பிடுற மணிதான் இது. நான் பொறுப்பு" என்றார். சார்ஜன் அந்த ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

ஆகவே மீதிப் பெட்டிகளைத் திருப்பி அனுப்புகிறேன். இனி எதுவும் அனுப்ப வேண்டாம். ஸக்கரியாவோடு பேசவும் போவதில்லை. என்னைக் காப்பாற்றியது வேறு, பலாமரம் வேறு.

உங்கள் எல்லோருக்கும் முத்துமாரி அம்மன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
மாமா மகாலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சார்ஜன் சிவில் உடுப்பில் வந்து பெட்டியைத் திருப்பித் தந்தார். வில்கமுவயில் அவருடைய அம்மா தனியாக இருக்கிறாராம், அங்கேயும் இப்படி ஒரு மணி வேண்டுமாம். ஆகையால் மேலே எழுதியதை விட்டுவிட்டு இன்னொரு பார்சல் அனுப்பவும். பக்கத்து வீடு ஒரு வயல் தள்ளியாம், பெட்டிகள் தாராளமாக வரட்டும். ஸக்கரியாவும் நானும் சேர்ந்து போய் மாட்டிக் கொடுப்பதாகப் பேசிக்கொண்டோம். அதைக் கேட்ட மாமி, "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டா நான் அடிக்கிற மணி யாருக்குக் கேக்கும்?" என்றாள். இதற்குப் பதில் உங்களுக்கும் வதனாவுக்கும் தெரிந்தால் எழுதவும்.