கொழுந்து மயில்

முன்பள்ளி டீச்சருக்கு எல்லாம் தெரியும் என்று நாலு வயதுப் பிள்ளைகள் நம்புவார்கள். அதில் தப்பில்லை. நானும் சேர்ந்து நம்பியதுதான் வினையாகிப் போனது.

பண்டாரவளை டவுனில் வளர்ந்த நான், பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்து முன்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். தேயிலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கோப்பைக்கு எத்தனை கரண்டி சீனி என்பது மட்டுமே.

இரண்டாம் மாதம் பிள்ளைகளின் கைவேலைக் கண்காட்சி வந்தது. திறந்து வைக்கத் துரையே வருகிறாராம். (துரை என்றால் தோட்டத்து மேனேஜர். வெள்ளைக்காரன் போய்விட்டான், பட்டம் மட்டும் போகவில்லை.) சுவர் உயரத்துக்கு ஒரு மயில் செய்து அசத்திவிடுவது என்று முடிவெடுத்தேன். உடம்புக்கு நீலச் சாயம், கண்ணுக்கு மினுங்குத் தாள், தோகைக்கு நிஜ இலை.

பள்ளிக்குப் பின்னால், பந்தல் நிழலில், சின்னச் சின்னப் பைகளில் செடிகள் வரிசையாக நின்றன. யாரோ பூச்செடி வளர்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். (சிரிக்காதீர்கள்.) மலையிலிருக்கும் தேயிலை பிள்ளைகளின் தலையைத் தாண்டும். இவையோ முழங்கால் உயரம்.

"ஆளுக்கு ஒரு கை, நல்ல பிஞ்சு இலையாப் பறிங்க!" என்றேன். பதினாலு பேரும் போட்டி போட்டுப் பறித்தார்கள். மயிலின் கொண்டைக்கு நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் துரை மயிலைப் பார்த்துப் பூரித்துப் போனார். கிட்டே வந்தார். கண்ணாடியை மாட்டினார்.

"டீச்சர், இந்தக் கொழுந்து எங்க கிடைச்சிச்சு?"

"பின்னால இருக்குற பூச்செடியிலங்க சார். எல்லாம் நம்ம பிள்ளைங்க பறிச்சதுதான்!" என்றேன், பெருமை பொங்க.

"அது பூச்செடி இல்லம்மா. மலையில நடுறதுக்கு வச்சிருக்கிற தேயிலை நாத்து."

அவர் விறுவிறுவென்று நாற்றுமேடைக்கு நடந்தார். விரலெல்லாம் பசையோடு நான் பின்னால் ஓடினேன்; எனக்குப் பின்னால் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். மனசுக்குள் பெட்டி கட்டியாகிவிட்டது. அங்கே செல்வராணியக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நாற்றுகள் அவர் பொறுப்பு. அவை பட்டுப்போனால் முதல் திட்டு அவருக்குத்தான். 'இந்த டீச்சர்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் அன்றைக்கே பஸ் ஏற வேண்டியதுதான்.

அக்கா குனிந்து வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"நுனிதாங்க தொர கிள்ளியிருக்கு. எப்படியும் நாம கிள்ளுறதுதானே, அப்பத்தானே பக்கத்துல கெள விடும். கொழுந்து பறிக்கிறவ பெத்த புள்ளைங்க, வேர் அசையாம எடுத்திருக்குதுங்க. நான் பாத்துக்கிறேன். டீச்சர ஒண்ணும் சொல்லாதீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது அக்கா ஒரு பையைத் தூக்கிக் காட்டினார். மண் இருந்தது, செடி இல்லை.

"இத யாருடா வேரோட புடுங்குனது?"

பதினாலு விரல்களும் என் பக்கம் திரும்பின.

துரை சிரித்த சிரிப்பில் என் வேலை தப்பியது. செல்வராணியக்கா ஒரு மாதம் கண்ணும் கருத்துமாகப் பார்த்ததில் மற்ற நாற்றுகளெல்லாம் கிளை விட்டன. இன்றைக்கும் அதே பள்ளியில்தான் இருக்கிறேன். நான் சாப்பிடும் சோறு அவர் போட்டது என்று சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

என்ன, என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அவர்தான் பேசினார். "பொண்ணு தங்கம். செடி கொடி பக்கம் மட்டும் விட்டுறாதீங்க" என்றார், காரணத்தையும் விளக்கமாகச் சொன்னார். என் மாமியார் இன்றுவரை கறிவேப்பிலை பறிக்க என்னை அனுப்பியதில்லை.