வரைந்த கடிகாரத்துக்கு வந்த அங்கீகாரம்

எங்கள் ஊர் மாதா கோவிலுக்கு இரண்டு கோபுரம். இடப்பக்கத்தில் ஓடுகிற கடிகாரம். வலப்பக்கத்தில் சுவரில் பெயிண்டால் வரைந்த கடிகாரம். என்றைக்கும் பதினோரு மணி. பூசை நேரம் தெரியாமல் சாத்தான் குழம்பட்டும் என்று மால்டாவில் பல ஊர்களில் செய்துவைத்த ஏற்பாடுதான். சாத்தான் குழம்பினானோ இல்லையோ, சுற்றுலாத் துறை குழம்பிவிட்டது.

தலைநகர் வலெட்டாவிலிருந்து ஷிக்லூனா என்ற துறை அதிகாரி வந்து ஒரு பளிங்குப் பலகையைப் பதித்தார்: "தவறான கடிகாரம். அரசு அங்கீகாரம் பெற்றது." பதித்தது ஓடுகிற கடிகாரத்தின் கீழே.

கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வீஸ்தின் பதறிப்போனார். "சார், தப்பானது அந்தப் பக்கம். இது நல்லா ஓடுது."

"பலகை வச்சாச்சு, திறப்பு விழாவும் முடிஞ்சாச்சு. இனிமே இதுதான் தப்பு."

"அப்ப வரைஞ்சது?"

"அதுதான் சரியானது."

"அது ஓடாதே சார்."

"ஓடணும்னு யார் சொன்னா? சரியா இருந்தா போதும்."

ஆக, துறை அனுப்பிய சுற்றறிக்கையின்படி எங்கள் ஊரில் நேரம் பதினொன்று. ஓடிய கடிகாரத்தை நிறுத்திப் பூட்டினார்கள். அலுவலகத்தை மூடும் நேரம் வராததால் ஊராட்சி ஊழியர்கள் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். பயணிகள் கூட்டமாக வந்து, நிறுத்திய கடிகாரத்தைப் படம் பிடித்துவிட்டு, எதிரே என் காப்பிக்கடையில் பஸ்திட்சிப் பலகாரம் தின்றார்கள். எனக்கென்ன வருத்தம்?

வருத்தம் வீஸ்தினுக்கு. சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் மகள் ரொசானுக்குக் கல்யாணம். கோசோ தீவிலிருந்து படகேறி வந்த மாப்பிள்ளை வீட்டார் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் பதிவேட்டைத் திறந்தபோது, முன்வரிசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த ஷிக்லூனா கையைத் தூக்கினார்.

"மன்னிக்கணும் சாமி. இது நாலு மணிக் கல்யாணம். இப்ப பதினொண்ணுதான் ஆகுது. நேரத்தைப் பொய்யா எழுதினா பதிவு செல்லாது."

"எப்பய்யா நாலாகும்?"

"துறை அறிவிக்கும்."

மாப்பிள்ளையின் மாமா எழுந்தார். "இந்த ஊர்ல பொண்ணெடுக்க வேணாம்னு அப்பவே சொன்னேன். கிளம்புங்க."

ரொசான் அழுதுவிட்டாள்.

வீஸ்தின் வெளியே போய் ஏணியைச் சாத்தி, கல்யாணக் கோட்டோடு, பெயிண்ட் டப்பாவும் கையுமாக ஏறினார். அவர் இறங்கும்போது வரைந்த முள் நாலில் நின்றது. ஷிக்லூனா அண்ணாந்து பார்த்து, "இப்ப சரி, நடத்துங்க" என்றார். முதலில் கைதட்டியவர்கள், அலுவலக ஜன்னலில் எட்டிப்பார்த்த ஊராட்சி ஊழியர்கள்தான். மோதிரம் மாற்றினார்கள்.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் நேரம் நாலு. கோடையில் அரசு அலுவலகங்கள் ஒன்றரைக்கே மூடிவிடும். ஆகவே எங்கள் ஊராட்சி அலுவலகம் சட்டப்படி திறப்பதே இல்லை. இதை எதிர்த்துப் போராட வேண்டும் என்று ஊரே என் கடையில் தினமும் கூடிக் காரசாரமாகப் பேசுகிறது. பேசுகிறோம், அவ்வளவுதான். நாலு மணிக்கு மேல் எங்கள் ஊரில் யார் வேலை செய்வார்கள்?