வழி கேளாதவர்

"இந்த அட்டையை அணிந்திருப்பவர் வழி தவறிய நிலையில் காணப்பட்டால், அன்புகூர்ந்து கீழ்க்கண்ட எண்ணுக்குத் தெரிவிக்கவும்."

சுற்றுலா நிறுவனம் இந்த வாசகத்தை அந்த ஊர் மொழியில் அச்சடித்து, விமான நிலையத்திலேயே குழுவில் வந்த எல்லோர் கழுத்திலும் மாட்டிவிட்டது. மற்றவர்களுக்குப் பொருந்தலாம். நம்மவருக்கு எப்படிப் பொருந்தும்? அவர்தான் பிறந்ததிலிருந்து வழி தவறியதே இல்லையே! அவர் சரியாகத்தான் போவார். போய்ச் சேரவேண்டிய இடம்தான் ஒழுங்கில்லாமல் வேறெங்கேயாவது இருந்து தொலைக்கும். ஆகவே எழுத்துப் பக்கத்தைச் சட்டையோடு சட்டையாகத் திருப்பிவிட்டு, வெற்றுப் பக்கம் வெளியே தெரிய நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

வாசகரே, இந்த இனம் உங்களுக்குப் புதிதல்ல. மருத்துவமனைக்குக் கிளம்பி மரக்கடை வாசலில் வந்து நின்று, "எல்லாம் இந்தப் பக்கம்தான்" என்று ஸ்டியரிங்கைத் தட்டுகிறவர், கூப்பிடு தூரத்தில் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் கண்ணாடியை இறக்காதவர், எதிரே வருகிற புண்ணியவான் தானாகவே "எங்க போகணும்?" என்று கேட்டுவிட்டால், சொத்தில் பங்கு கேட்டதுபோல் முகம் கறுத்து, "சும்மா, காத்து வாங்க" என்கிறவர். கைப்பேசி "வலப்பக்கம் திரும்பவும்" என்று கெஞ்சும். அதை ஒரு மாற்றுக் கருத்தாக மதித்து, இடப்பக்கம் திரும்புவார்.

இப்படிப்பட்டவரை விதி எங்கே கொண்டுபோய் விட்டது? பழம்பெருமை வாய்ந்த ஒரு கால்வாய் நகரத்தில். அங்கே சந்தில் நுழைந்து சந்தில் திரும்பினால் முன்னால் தண்ணீர் நிற்கும். சரியென்று திரும்பினால் வந்த சந்தைக் காணோம்.

அவருடைய மனைவி அந்த ஊருக்கு வந்தது ஒரே ஒரு காரியத்துக்காக. அவளுடைய சமையலறையில் ஒரு காலண்டர் தொங்குகிறது. அது காட்டும் வருடம் எப்போதோ செத்துப்போய்விட்டது, அவள் கழற்றவிடவில்லை. வளைந்த பாலம், அதனடியில் ஒரு படகு. குக்கர் கத்தும்போதெல்லாம் அவள் அந்தப் படகில்தான் உட்கார்ந்திருப்பாள். அரண்மனை வேண்டாம், அருங்காட்சியகம் வேண்டாம். ஒருமுறை அப்படி ஒரு பாலத்தடியில் படகில் போய்விட வேண்டும். குழுவின் படகு அன்று மாலை பெரிய படித்துறையிலிருந்து கிளம்புவதாக இருந்தது. மறுநாள் காலை விமானம். இதை விட்டால் மறுபடியும் காலண்டர்தான்.

படித்துறைக்குப் போகும் வழியில்தான் நம்மவர் மஞ்சள் கொடி பிடித்த வழிகாட்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தக் கொடி பின்னாடி ஆட்டு மந்தை மாதிரி போகணுமா? குறுக்கு வழி இருக்கு, வாங்க."

மனைவியும், துணைக்கு வந்திருந்த அவள் தம்பியும் வந்தார்கள். வேறென்ன செய்வது? பணப்பை அவரிடம் இருந்தது.

அவர் குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்தத் தவறைச் செய்ய வேறு யாருக்கும் தகுதி போதாது.

"தண்ணி மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். பள்ளம்னா கடல். படித்துறை கடல் பக்கம். தண்ணி கூடவே நடந்தா முடிஞ்சுது கதை" என்றார்.

"அத்தான், அதோ ஜன்னல்ல ஒரு அம்மா துணி காயப்போடறாங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டா..."

"சர்வீஸ் பூரா தண்ணியோட பேசினவன்டா நான். துணி காயப்போடறவங்ககிட்ட கேக்கணுமா?"

சொன்ன கையோடு, மனைவி உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சின் தோலை வாங்கிக் கால்வாயில் போட்டார்.

"ஐயோ, அடுத்தவங்க ஊர்ல குப்பை போடறீங்களே!"

"குப்பை இல்லடி. கருவி."

கருவி மிதந்தது. மூவரும் பின்தொடர்ந்தார்கள். ஒரு முடிதிருத்தும் கடை, பூட்டிய கிடங்கு ஒன்று, படியில் தூங்கும் பூனை, அப்புறம் ஒரு பாலம், இன்னொரு பாலம் என்று ஆரஞ்சுத் தோல் ராஜநடை போட்டது, அவரும் போட்டார். திடீரென்று தோல் தயங்கியது. நின்றது.

"யோசிக்குது போல, அத்தான்."

யோசித்து முடித்த தோல், வந்த வழியே திரும்பிப் போகத் தொடங்கியது. கடலோரக் கால்வாய் கொஞ்ச நேரம் போகும், கொஞ்ச நேரம் வரும். அது என்ன வாரியத்துக் குழாயா, ஒரே பக்கமாக ஓட?

"பள்ளம் இப்ப எந்தப் பக்கம் அத்தான்?"

"எவனோ வால்வை மாத்தித் திறந்துட்டான்" என்றார் அவர், நடையில் கம்பீரம் குறையாமல்.

மறுபடி பாலம், பூனை, கிடங்கு. முடிதிருத்துபவர் கத்தியும் கையுமாக வெளியே வந்து, பழகிய முகங்களைக் கண்ட மகிழ்ச்சியில் தலை வணங்கினார். ஜன்னலில் அந்த அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். மைத்துனனும் அசைத்தான். "சொந்தக்காரங்க மாதிரி ஆயிட்டாங்க அக்கா!"

தூரத்தில் படகின் சங்கு ஊதியது. படகு கிளம்பிவிட்டது.

மனைவி பாலத்துப் படியில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் அவர் பதில் வைத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"பரவாயில்ல விடுங்க. வீட்டுல காலண்டர் இருக்குல்ல" என்றாள்.



அந்த நேரத்தில் பாலத்தடியிலிருந்து ஒரு குப்பைப் படகு வந்தது. ஓட்டி வந்தவர் நீண்ட கோல் வலையால் ஆரஞ்சுத் தோலை அள்ளினார், மேலே பார்த்தார், மனைவியின் கையிலிருந்த உரித்த ஆரஞ்சைப் பார்த்தார், பிறகு பேசினார். மொழி புரியவில்லை, அர்த்தம் முழுக்கப் புரிந்தது. சற்று நேரத்தில் என்ன மாயமோ, அதே மனிதர் சிரித்துக்கொண்டே கைப்பேசியில் யாரோடோ பேசி முடித்து, மூவரையும் கைதூக்கிப் படகில் ஏற்றிக்கொண்டார்.

மூட்டைகளின் மீது, முன்நுனியில், அவள் உட்கார்ந்தாள். நாற்றமா? மைத்துனன் மூக்கைப் பொத்திக்கொண்டான். படகு வளைந்த பாலத்தடியில் நுழைந்தபோது அவள் அண்ணாந்து பார்த்து, சின்னப் பெண்போல் "ஹூ!" என்று கத்தினாள். பாலமும் "ஹூ!" என்றது. பெரிய கால்வாயில் குழுவின் படகு எதிர்ப்பட, வழிகாட்டி பதறிக் கைநீட்டினார்.

"நீங்க போங்க தம்பி. அதுல ஓரத்து சீட்டுலெல்லாம் ஆளுங்க இருக்காங்க. இங்க முழுப் படகும் எனக்குத்தான்!" என்றாள் அவள்.

ஊர் திரும்பிய பிறகு நம்மவர் எல்லோரிடமும் சொல்வது இது: "கூட்டத்தோட போறதெல்லாம் எனக்குச் சரிப்படாது. நீரோட்டத்தைக் கணக்குப் போட்டு, தனிப்படகு வர்ற இடத்துல கரெக்டா கொண்டுபோய் நிறுத்தினேன்." மைத்துனன் இருமுவான். மனைவி இருமுவதில்லை, அவள் காலண்டரைக் கழற்றிவிட்டாள்.

சிரிக்கிறீர்களே, நீங்கள் இந்த இனம்தானா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு: வண்டியில் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவரிடம் கேளுங்கள். மன்னிக்க வேண்டும், கேட்கச் சொல்லிவிட்டேன். நீங்கள் எங்கே கேட்கப் போகிறீர்கள்!

போகட்டும். அன்று பாலத்தின் மேல் அவர் செய்தது இதுதான்: படியில் உட்கார்ந்திருந்த மனைவியை ஒருமுறை பார்த்தார், கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பினார், எழுத்துப் பக்கத்தைக் குப்பைப் படகுக்காரரிடம் காட்டினார்.