டவலுக்குள் இரண்டு விரல்

வில்லியனூர் கொம்யூனின் அத்தனை ஊர்களிலும், கொசு கடித்தாலும் கையை ஓங்காத ஒரே உத்தமர் எங்கள் ‘டவல்’தான். ஜீவகாருண்யம் என்று நினைத்துவிடாதீர்கள். இடது கையில் உட்காரும் கொசுவை வலது கையால்தானே அடிக்க வேண்டும்? அந்த வலது கையை அவர் ஆறு வருஷமாக ஒரு டர்க்கி டவலுக்குள் சுற்றி வைத்திருந்தார். பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் யார் நின்றாலும் இடது கையை நீட்டி, “இதுல ஒண்ணு குந்தினு இருக்கு, கொஞ்சம் அடிங்க” என்பார். முன்பின் தெரியாதவர்கள்கூட மரியாதையாக அடித்துவிட்டுப் போவார்கள்.

மதகடிப்பட்டுப் பக்கம் தகர டப்பா செய்யும் கம்பெனியில் அவர் பிரஸ் மெஷின் ஓட்டினார். நான் அங்கே வருகைப் பதிவும் இன்சூரன்ஸ் ஃபாரமும் எழுதும் டைம் ஆபீஸ் கிளார்க். ஒருநாள் பிரஸ் இறங்கி அவருடைய வலது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோய்விட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின. தொழிலாளர் இன்சூரன்ஸில் மெடிக்கல் போர்டு பார்த்து, மாதாமாதம் பென்ஷன் என்று எழுதினார்கள். வேலையை விட்டார். புண் ஆறியது, டவல் மட்டும் அவிழவில்லை. அந்தக் கை வேலை செய்வதை எவராவது பார்த்துவிட்டால் பென்ஷன் நின்றுவிடும் என்று உறுதியாக நம்பினார்.

கல்யாணப் பந்தியில் சட்டைப் பையிலிருந்து ஸ்பூனை எடுத்து இடது கையால் சாம்பார் சாதம் சாப்பிடுவார். கோயிலில் விபூதிக்கு இடது கையை நீட்ட முடியுமா? நெற்றியை நீட்டுவார். குருக்கள் முணுமுணுத்துக்கொண்டே பூசிவிடுவார். பேன்ட் போட்டு, பையோடு தெருவுக்குள் வருகிற எவரும் அவருக்கு இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர்தான். பக்கத்து வீட்டு மாட்டுக்குச் சினை ஊசி போட வந்தவரிடமும் ஓடிப்போய், சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினார். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, தான் மாட்டை மட்டும்தான் பார்ப்பதாகச் சொன்னார்.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மனைவி சரோஜா சிரிக்கவில்லை. பென்ஷன் பாதி மாசத்துக்குக்கூடக் காணாது. அந்த அம்மாள் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தார். மதகடிப்பட்டில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்த பஷீர் பாய், வீட்டுக்கே மூன்று தடவை வந்து கூப்பிட்டார். கம்பி பிடிக்க இரண்டு விரல் போதும் என்றார். “வேலைக்கு வந்தா இருக்கறதும் பூடும் பாய்” என்று டவல் அனுப்பிவிட்டார். சரோஜா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வருஷம், உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் கொடுக்கும் தாளோடு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனபோது, துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். கவுன்ட்டரில் இருந்த அம்மாள், இப்போது எங்கே வேலை என்று சும்மாதான் கேட்டார். டவல் பதறிப்போய், ஆறு வருஷமாகத் துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை என்று சத்தியம் செய்தார்.

“வேலைக்குப் போகக்கூடாதுன்னு யாருங்க சொன்னது? விரல் போனதுக்குதான் இந்தப் பணம். நீங்க வேலை செஞ்சாலும் வரும். ஆயுசு பூரா வரும்.”

டவல் சுற்றிய கையைத் தூக்கிக் கவுன்ட்டர் மேல் வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“அப்ப கொசு அடிக்கலாமா மேடம்?”

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்து அந்த அம்மாள் சிரித்துவிட்டார். யார் இப்படிச் சொன்னது என்று மறுபடியும் கேட்டார். டவல் என்னை ஒரு தடவை பார்த்தார்.

“ஊர்ல பேசிக்கினாங்க மேடம்.”

ஊர் இல்லை. நான்தான். போர்டு முடிந்து அவர் டைம் ஆபீசுக்கு வந்த அன்று, நாலு பேரைச் சிரிக்க வைப்பதற்காக, “ஆளு வெச்சிப் பாப்பாங்கண்ணே. வலது கையால பீடி புடிச்சாகூட பென்ஷன் கட்” என்றேன். விதி என்னவென்று எனக்கே தெரியாது. டீ வருவதற்குள் சொன்னதையும் மறந்துவிட்டேன். இன்சூரன்ஸ் ஃபாரம் நிரப்புகிறவன் சொன்னதாயிற்றே, அவர் மறக்கவில்லை. என் வாய்க்கொழுப்புக்கு அவர் கை தண்டனை அனுபவித்தது.

அங்கிருந்து நேராகப் பாய் கடைக்குப் போனோம். டவலைப் பிரித்தார். வெயில் படாத கை வெளுத்துச் சூம்பியிருந்தது. பாய் கொடுத்த செம்புக் கம்பி நழுவி விழுந்தது. பாய் எடுத்துக் கொடுத்தார், மறுபடியும் விழுந்தது. ஆட்டாமலே வைத்திருந்ததில் நல்ல விரல்கள் இரண்டும் மூட்டோடு இறுகிவிட்டன என்றும், இனி கம்பி பிடிக்க வராது என்றும் டாக்டர் பிறகு சொன்னார்.

ஊரைச் சிரிக்க வைத்த வாய்க்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

“வுடு தம்பி” என்றார். “நீ சிரிக்கறதுக்கு சொன்ன. நான்தான் இன்னா ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல.”

சரோஜா இன்னும் கரும்புக்குத்தான் போகிறார். டவல் இப்போது டவல் சுற்றுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். அவருடைய இடது கையில் கொசு உட்கார்ந்தால், பழைய பழக்கத்தில் அவர் நீட்டுவதற்கு முன்பே, வலிக்காமல் அடித்துவிடுகிறேன்.