எக்ஸ் எக்ஸ் எக்ஸ் கேட்ட பஸ்

பிளஸ் டூ ஆங்கில நோட்டில் எழுதும் கடிதங்களை நிஜக் கடிதங்கள் என்று நம்பிய ஒரே ஜீவன், பாகூர் கொம்யூன் ஊர்களில் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே மனு ஒருத்திதான். அவள் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தது என் தலையெழுத்து.

டீச்சர் ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பயிற்சி கொடுப்பார். நாங்கள் எழுதுவோம், மார்க் வாங்குவோம், மறப்போம். மனு தாளைக் கிழித்துத் தபால்பெட்டியில் போட்டுவிடுவாள். அதனால்தான் 'மனு' என்ற அந்தப் பட்டப்பெயர்.

"எழுதுன கடுதாசிய நோட்டுலயே வெச்சிக்கினா இன்னாடி பிரயோஜனம்?" என்பாள்.

அக்கா கல்யாணத்துக்கு மாமாவை அழைத்து எழுதச் சொன்னார் டீச்சர். மறுவாரம் ஏம்பலத்திலிருந்து அவள் மாமா பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக வந்து இறங்கினார். மனுவுக்கு அக்காவே கிடையாது.

எனக்கு இந்தக் கூத்துக்கெல்லாம் நேரமில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல் மார்க், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. ஆனால் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும் பஸ், செலியமேட்டில் எங்கள் முனையில் நிற்காது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கரும்புக் கொல்லை ஓரமாகத் தனியே நடந்து வருவேன்.

"பொட்டப்புள்ள இப்பிடி வர்றதா? இந்த மாசத்தோட நின்னுக்க" என்றார் அப்பா.

அந்த வாரப் பயிற்சி, பஸ் வசதி கேட்டுக் கடிதம். வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டினேன். ஊர், பள்ளி, பஸ் நேரம் எல்லாம் நிஜம். பரீட்சைக் கடிதத்தில் சொந்தப் பெயர் கூடாது என்பதால் கீழே மட்டும் எக்ஸ் எக்ஸ் எக்ஸ். மறுநாள் நோட்டில் அந்தத் தாளைக் காணோம்.

"பாவி, என்னுதையுமா போட்டே?"

"டீச்சரே சூப்பர்னு எழுதிக்கிறாங்கடி. சும்மா வெச்சிக்கினா எப்படி?"

பத்து நாளில், பஸ் ஆபீசிலிருந்து ஒருவர் தாளோடு வகுப்புக்கே வந்துவிட்டார். "இங்க எக்ஸ் எக்ஸ் எக்ஸ் யாரும்மா?"

பின்னால் பெரிய டீச்சர், முகம் சிவக்க. "யாருடி அது? அப்பாவ இட்டுக்கினு வரணும்!"

அப்பா வந்தால் அன்றோடு என் படிப்பு முடிந்தது. பக்கத்தில் மனு எழுந்தாள்.

"நான்தான் சார் எக்ஸ்."

"இன்னா இங்கிலீஷ்மா! எங்க, கொஞ்சம் படிச்சிக் காட்டு."

மனு முதல் வரியிலேயே மூன்று முறை இடறினாள். "எழுதத்தான் சார் வரும். படிக்க வராது."

வகுப்பே சிரித்தது. அவளை ஒரு வாரம் வெளியே நிற்க வைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை, பஸ் எங்கள் முனையில் நின்றது.

இப்போது கல்லூரியில் ஆங்கிலம் படிக்கிறேன். அதே பஸ். "எக்ஸ் எக்ஸ் எக்ஸ்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் இன்றும் கத்துகிறார். இறங்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். ஏனென்றால் மனுவின் வீடு பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால்தான். அந்த பஸ்ஸில் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை.