வினைல் விரித்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்

மாப்பிள்ளையூரணி,
ஞாயிறு, கோயிலுக்குப் போய்வந்த பிறகு.

அன்புள்ள தம்பி எபனேசருக்கு,

அக்கா ஜெயஷீலா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், தரையைத் தவிர. அங்கே நீயும் ஈவாஞ்சலினும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் உன் அத்தான் பக்கத்தில் வந்து நின்று திருத்துவார்.

போன மாதம் வந்திருந்த நீ, ஹால் மொசைக்கில் ஓடும் வெடிப்பைப் பார்த்துவிட்டு, வினைல் என்கிற பிளாஸ்டிக் விரிப்பை மேலே ஒட்டினால் போதும், தரையை உடைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாய். துறைமுகத்தில் சரக்கைச் சோதித்துச் சோதித்தே ஓய்வு பெற்ற மனிதரிடம் சொல்கிற சொல்லா அது? அத்தான் கடை கடையாக ஏறி மாதிரித் துண்டுகள் வாங்கி வந்தார். ஒன்றை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார், ஒன்றை மொட்டை மாடி வெயிலில் வைத்தார், ஒன்றின்மேல் பீரோவை ஏற்றினார், இன்னொன்றை அடுப்படிக்குக் கொண்டுவந்து அதன்மேல் மீன்குழம்பைச் சிந்தச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து சிந்தாமல் சமைக்கப் பழகிய எனக்குக் கை வருமா? சிந்தினேன். மஞ்சள் கறை போகவில்லை. உடனே அடுத்த துண்டை நீட்டினார். இந்தச் சமயத்தில் கடைக்காரர் ஒருவர், கடற்கரைப் பக்கத்து வீட்டில் தரையில் ஈரம் ஏறும், ஈரமிருந்தால் பசை நிற்காது என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஈரம் ஏறுகிறதா என்று பார்க்க அத்தான் ஹால் நடுவில் பாலிதீன் தாளை விரித்துச் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டார். நாங்கள் சுவரோரமாகவே நடமாடினோம். பிரித்துப் பார்த்தால் தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். தனக்கே சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னதுபோல உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நம் மகள் ஜெப்ஸிக்குச் சாத்தான்குளத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் பெயர் ஜெர்சன், வங்கியில் வேலை. அப்பா கிருபாநிதி தலைமையாசிரியராக இருந்தவர். வெடித்த தரையில் அவர்களை எப்படி உட்கார வைப்பது? ஒட்டாவிட்டாலும் போகட்டும், அன்று ஒரு நாளைக்கு விரித்தாவது வையுங்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மரம்போல இருக்கும் வினைல் ஒரு சுருள் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஃபேனைப் போட்டதும் ஓரம் தூக்கிக்கொண்டது. ஒரு மூலையில் ஆர்மோனியப் பெட்டி, ஒன்றில் அரிசி மூட்டை, மற்ற இரண்டில் பூந்தொட்டிகள் என்று வைத்து அடக்கினோம்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கிருபாநிதி காலால் தரையைத் தட்டிப் பார்த்து, தேக்கா என்று கேட்டார். உன் அத்தான் சும்மா தலையாட்டியிருக்கலாம்.

“இல்ல அண்ணாச்சி, வினைல். ஒட்டல. அடியில ஈரம் இருக்கு, வெடிப்பும் இருக்கு, பாக்கீயளா?” என்று சொல்லி அரிசி மூட்டையை நகர்த்தி, விரிப்பைத் தூக்கியே காட்டிவிட்டார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கிருபாநிதியோ, தன் வீட்டு மாடி அறையிலும் இதே வெடிப்பு என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குனிந்துவிட்டார். ஜெப்ஸி காப்பித் தட்டோடு வரும்போது இரண்டு அப்பாமாரும் முழங்காலில் நிற்கிறார்கள். ஏதோ ஜெபம் நடக்கிறது என்று நினைத்து அவள் சற்று நேரம் கண்ணை மூடி நின்றாள். பிறகு விஷயம் புரிந்து, தட்டை ஜெர்சன் பக்கம் நீட்டினாள்.

“அவங்க எந்திரிக்க நேரமாவும். நீங்க குடிங்க, ஆறிரும்.”

அந்தப் பையன் சிரித்த சிரிப்பில் காப்பி வினைலில் சிந்தியது. அத்தான் ஓடிவந்து துடைத்து, காப்பிக்கறை போகிறது என்று எல்லோருக்கும் காட்டினார்.

அவர்கள் போனபின் அத்தானை ஒரு பிடி பிடித்தேன். பிள்ளையின் வாழ்க்கையல்லவா, மூடியதை ஏன் திறந்தீர்கள் என்று அழுதேவிட்டேன். அவர் தொட்டியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்: “நாளைக்குச் சம்பந்தியா வாரவங்க, ஏளா. எத்தன நாளைக்கு மூட்டைய நகத்தாம இருப்ப?” மூன்று நாள் அங்கிருந்து ஒரு தகவலும் வராமல் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் பையனின் அம்மா போன் செய்தார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் உடனே கிளம்பத் துடிக்கிற தன் வீட்டுக்காரரை, இங்கிருந்து கையைப் பிடித்துத் தூக்கித்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது என்றார்கள். பையனுக்கும் சம்மதமாம். ஜெப்ஸியைக் கேட்டேன். காப்பியை ஒழுங்காகக் குடிக்கத் தெரியாதவரைத் தனியாக விடக்கூடாது என்கிறாள்.

ஆகவே தம்பி, வினைல் நம் வீட்டுக்கு ஒத்துவராது என்பது முடிவு. முதலில் ஈரத்தைத் தடுத்து, பிறகு டைல்ஸ் போடுவோம். கல்யாணத்துக்கு வரும்போது தரையைப் பார், ரசி, வாயை மட்டும் திறக்காதே. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அக்கா
ஜெயஷீலா

பி.கு.: சாயங்காலம் கடிதத்தை மடிக்கும்போது, தரையைச் சோதிக்க மத்தியானம் சாத்தான்குளத்துக்குக் கிளம்பிப் போன அத்தான் அங்கிருந்து போனில் கூப்பிட்டார். சம்பந்தி வீட்டு மாடி அறையில் ஈரம் துளியும் இல்லையாம், வினைலே போடுகிறார்களாம். கல்யாணத் தேதியைக்கூட அந்த வேலை முடிந்துதான் குறிப்பார்களாம். நிறம் தேர்ந்தெடுக்க என்னையும் வரச் சொல்கிறார். நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிறேன். நம் மாடி அறைக்கும் சேர்த்தே பார்த்துவிட்டு வருகிறேன். அங்கேயும் ஈரம் கிடையாது.